தோட்டத்துக்குள் வந்த டவர்

அன்புள்ள அம்மிணிக்கு,

கல்லூரி ஆய்வுக்கு எடுத்திருக்கும் தலைப்பை எழுதியிருந்தாய். "காற்றாலை, சோலார் என்றால் நம்ம சனம் ஏன் முரண்டு பிடிக்குது? விழிப்புணர்வு இல்லாததாலா?" கேள்வியின் முதல் பாதி நல்ல பாதி. இரண்டாம் பாதியை அழித்துவிட்டு, மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்துப் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் ஒருதரம் போய் நின்று பார்.

வியாபாரி மூட்டைக்குள் கையை விடுகிறார். ஒரு பிடி பஞ்சை உருவி, இரண்டு விரலில் இழுத்துப் பார்க்கிறார், விலை சொல்கிறார். மூட்டைக்காரருக்கு அந்த விலை கட்டாவிட்டால் "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றலாம். யாரும் அவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்று சொல்வதில்லை.

அதே விவசாயியின் தோட்டத்தில் உயரழுத்த மின்கோபுரம் வந்தால் கதை வேறு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் லைனை பவர்கிரிட் நிறுவனம் அமைத்தது. வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவருவதோடு, காற்று பலமாக வீசும் மாதங்களில் தமிழகக் காற்றாலை மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் இந்த வழி உதவும். பசுமை மின்சாரத்துக்கு இப்படிப்பட்ட பாதைகள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டவர் நட நிலத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் கொடுத்த அதிகாரமே போதும். பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும். கம்பிக்கு அடியில் தென்னை வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது. 2018 டிசம்பரில் நாமக்கல், ஈரோடு, திருப்பூர் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தது இதற்காகத்தான்.

அவர்கள் கேட்டது என்ன என்று கவனி. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரமாகக் கேபிளைப் புதையுங்கள், இல்லையென்றால் டவருக்கு வாடகை கொடுங்கள் என்றார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் லைன் கேரளத்துக்குள் ஒரு பகுதி பூமிக்கடியில்தானே போகிறது என்று கணக்கோடு பேசினார்கள். 800 கிலோவோல்ட்டுக்கு அது ஆகாது என்பது அதிகாரிகள் தரப்பு பதில். தொழில்நுட்பத்தில் அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். ஆனால் நிலத்தை அளந்து கல் நட்ட பிறகு சொல்கிற பதிலுக்கு மரியாதை குறைவு. 2015-இல் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு என்று வழிகாட்டிய மத்திய மின் அமைச்சகம், 2024-இல் அதை 200 சதவீதமாக உயர்த்தியது. ஆக, சனம் போட்ட கணக்கு தப்பில்லை.

இங்கிலாந்தில் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியலாளர் பாட்ரிக் டிவைன்-ரைட் இதைத்தான் நெடுநாளாக ஆராய்கிறார். "என் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்கிற சுயநலம் என்று எதிர்ப்புக்கு முத்திரை குத்துவது சோம்பேறித்தனம் என்பது அவர் வாதம். மண்ணோடு இருக்கிற ஒட்டு, முடிவெடுத்த விதம் நியாயமா, பலன் யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறார். பலனைப் பகிரவென்றே டென்மார்க் 2009-இல், புதுக் காற்றாலைகளில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே போட்டது.

நம்மிடமும் உதாரணம் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்டு பில் கட்டிக் கட்டிச் சலித்து, ஆர்.சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு போக மீதி வங்கிக் கடன். தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: அந்தக் காற்றாலை நின்றது ஊருக்குள் அல்ல, தொலைவில் உடுமலைப் பக்கம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சம்மதம் கேட்கும் சோதனை ஓடந்துறைக்கு வரவில்லை.

இனி, சொல்கிற விதம். யேல் பல்கலைக்கழகக் குழு 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் இந்தியாவில் 4,619 பேரிடம் கேட்டது. புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். அது என்னவென்று இரண்டு வரியில் விளக்கிவிட்டுக் கேட்டதும், 84 சதவீதம் பேர் "ஆமாம், நடக்கிறது" என்றார்கள். பெயர்தான் தெரியவில்லை, வெயில் தெரிந்திருக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை அறிக்கையை எடுத்துப் படி. அதில் உலகம் அழியப்போகிறது என்று இருக்காது. வரும் நாட்களில் வெயில் எத்தனை டிகிரி, கோழிக்குத் தீவனத்தில் என்ன சேர்க்கணும் என்றிருக்கும். பண்ணைக்காரர் அதை விடாமல் படிக்கிறார்.

சோலார் பம்புசெட்டைப் பற்றி விவசாயியிடம் கேட்கப் போகும்போதும் இந்த விதம் நினைவிருக்கட்டும். முப்பது வருசத்துக்கு மேலாக அவர் தோட்டத்துக்கு இலவச மின்சாரம் வருகிறது. மானியம் போகக் கைக்காசு போட்டுப் பலகை வாங்க அவருக்கு என்ன அவசரம்? அதை அவரிடமே கேள். வினாத்தாளைப் பைக்குள் வைத்துவிட்டுப் போ. முதலில் போர்வெல் எத்தனை அடி என்று விசாரி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், கரண்டு எந்நேரம் வருகிறது என்று விசாரி. ராத்திரி இரண்டு மணிக்கு மடை திருப்பப் போகிற சங்கடத்தை அவரே சொல்ல ஆரம்பிப்பார். பகலில் தண்ணி பாய்ச்சும் பேச்சை அப்போது எடு.

அன்புடன்,
உன் மாமா