விருந்தாளியைக் கண்டு ஒளியும் பூனை



பெருநாள் தினத்தில் நம் வீடுகள் பலவற்றில் நடக்கும் காட்சி இது. ஸலாம் சொல்லிக்கொண்டு மாமியும் பிள்ளைகளும் உள்ளே வருகிறார்கள். அதுவரை அடுப்படிச் சூட்டில் சுருண்டு கிடந்த பூனை அல்மாரிக்கு அடியில் மறைந்துவிடுகிறது. "எங்க உங்கட பூன?" என்று கேட்டபடி ஒரு பிள்ளை கையை விட்டு அதை இழுக்கிறது. கையில் கீறல் விழுகிறது. பூனைக்குப் "பொல்லாதது" என்ற பெயரும் விழுகிறது. பிறகு அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய், எங்காவது ஒரு தேயிலை மலையில் விட்டுவருபவர்களும் உண்டு. உண்மையில் அந்தப் பூனை பொல்லாதது அல்ல, பயந்தது. பயத்தைப் போக்க வழி உண்டு.

பயம் எங்கிருந்து வருகிறது?

பூனை எலியைப் பிடிக்கும் வேட்டைப் பிராணி. ஆனால், நாய் போன்ற பெரிய விலங்குகளுக்கு அதுவே இரையாகவும் கூடும். எனவே புதியதைக் கண்டால் முதலில் ஒளிவது அதன் இயல்பு. குட்டியின் வாழ்வில் ஏறக்குறைய 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரையான காலம் முக்கியமானது. அக்காலத்தில் பலருடைய கைகளில் மென்மையாகப் பழகிய குட்டி, வளர்ந்தபின் மனிதரிடம் எளிதில் நெருங்கும். தோட்டத்து விறகுக் குவியலுக்குள் பிறந்து, மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

சாய்த்த பாத்திரம்

அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவான ஒரு சம்பவம் நமக்கு நல்ல பாடம். அபூ கதாதா (ரலி) அவர்கள் வுழூச் செய்வதற்காக அவர்களது மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை குடிக்க வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள்.

அவர்கள் பூனையைப் பிடிக்கவில்லை. பாத்திரத்தைச் சாய்த்தார்கள், பூனை தானாகக் குடித்தது. கூச்சமுள்ள பூனையைப் பழக்கும் முறை முழுவதும் இதற்குள் இருக்கிறது: நெருங்குவதா வேண்டாமா என்பதைப் பூனையே தீர்மானிக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. ஒளிய இடம் கொடுங்கள். நெதர்லாந்தின் விலங்குக் காப்பகம் ஒன்றில் 19 பூனைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒளிந்திருக்கப் பெட்டி கிடைத்த பூனைகள், கிடைக்காதவற்றைவிட விரைவில் புதிய இடத்துக்குப் பழகின. லயன் வீட்டின் சிறிய அறையிலும் ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய துணி விரித்து வைக்கலாம். அதற்குள் இருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது.

2. விருந்தாளி சும்மா இருக்கட்டும். பூனையை அழைக்கவோ உற்றுப் பார்க்கவோ வேண்டாம். உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும். பூனை பார்த்தால், கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறக்கலாம். அப்படிச் செய்த அந்நியரிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்ததை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எடுத்துக்காட்டினர்.

3. உணவைத் தூரத்தில் வையுங்கள். உப்பில்லாமல் அவித்த மீன் துண்டு ஒன்றைப் பெட்டிக்கு அருகில் விருந்தாளியே வைத்துவிட்டு விலகட்டும். நாளடைவில் தூரத்தைக் குறைக்கலாம். கருவாட்டில் உப்பு அதிகம், தவிர்க்கவும்.

4. விரலை நீட்டிக் காத்திருங்கள். பூனை முகர்ந்து கன்னத்தை உரசினால், கன்னத்தையும் நாடியையும் இரண்டு மூன்று முறை தடவி நிறுத்துங்கள். வயிற்றைத் தொட வேண்டாம். காது தாழ்ந்தால், வால் படபடவென அடித்தால், கையை எடுத்துவிடுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒருவர். முதலில் அமைதியான ஒரு தோழி சில தடவைகள் வந்து பழகட்டும், பிறகு மற்றவர்கள். பெருநாள் கூட்டத்தில் பழக்க முயல வேண்டாம். அன்று பூனையைத் தனி அறையிலோ அடுப்படி மூலையிலோ விட்டுவிடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எப்போதும் பழகிய பூனை திடீரென ஒளியத் தொடங்கினால் அது நோயாகவும் இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் வரையுங்கள்: திகதி, வந்தவர், பூனை வெளியே வர எடுத்த நிமிடங்கள். இரண்டு மாதம் எழுதுங்கள். நிமிடங்கள் மெதுவாகக் குறையலாம். சில பூனைகள் எவர் மடியிலும் ஏறாமலே வாழ்ந்து முடிக்கும். அதுவும் குறையல்ல. மாமி தேநீர் குடித்து முடிக்கும்வரை அதே அறையில் ஓடாமல் உட்கார்ந்திருந்தால், உங்கள் பூனை பெரியதொரு தூரத்தைக் கடந்துவிட்டது என்று எழுதி வையுங்கள்.