நீர்வேட்கையும் நுரைக்கும் இனிப்பும்

நுழையும்முன்

வெயில் மிகுந்த நாட்டில் பிறந்த நமக்கு நீர்வேட்கையைத் தணிக்கும் வழிகள் பல உண்டு. மோர், நீராகாரம், இளநீர், பானகம் எனப் பருவத்திற்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பருகிய மக்கள், இன்று கடைக்குச் சென்றால் முதலில் கேட்பது ஏதேனும் ஒரு ‘கூல்டிரிங்க்ஸ்’. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் உடலுக்கு நேர்வது யாது, அப்பழக்கத்தினின்று மீள்வது எங்ஙனம் என்பனவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

தண்ணீர்ப் பந்தல் மரபு

வழிச்செல்வோர்க்கு நீர் வழங்குவதைத் தமிழர் அறமாகக் கருதினர். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த செய்தியைப் பெரியபுராணம் கூறுகிறது. தண்ணீர்ப் பந்தலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைச் சோழர்காலக் கல்வெட்டுகளும் குறிப்பிடுகின்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரைக் காணத் திரளும் மக்களுக்கு நீர்மோரும் பானகமும் இன்றும் வழங்கப்படுகின்றன. புட்டியில் அடைத்து விற்கும் குளிர்பானம் இம்மண்ணில் பரவியது மிகப் பிற்காலத்தில்தான்.

சோடா பிறந்த கதை

1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, மது வடிக்கும் சாலையில் நொதிக்கும் தொட்டிகளின்மேல் தேங்கிநின்ற கார்பன் டை ஆக்சைடு வாயுவை நீரில் கலக்கும் வழியைக் கண்டார். 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதனை வணிகமாக்கினார். புட்டிக்குள் வாயுவை அடைத்துவைப்பது நெடுங்காலம் பெரும் இடராகவே இருந்தது. 1872இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிக் கோலியை வாயுவின் அழுத்தமே மேலே தள்ளி வாயை அடைக்கும் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க் கடைகளின் ‘கோலி சோடா’ அப்புட்டியின் வழிவந்ததே. 1886இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்டன் என்னும் மருந்தாளுநர் கோக்கோ கோலாவை உருவாக்கினார். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் தமிழ்நாட்டின் பழைமையான குளிர்பான நிறுவனங்களுள் ஒன்று.

இனிப்புச் சேராத வெறும் சோடா என்பது வாயு கலந்த நீரே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நாம் அஞ்ச வேண்டியது நுரையை அன்று. அந்நுரைக்குள் மறைந்திருக்கும் சர்க்கரையை.

புட்டிக்குள் இருப்பது

கோலா வகைப் பானங்களில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை உள்ளது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறத்தாழ 4 கிராம். எனவே, 600 மில்லி லிட்டர் புட்டி ஒன்றை முடிப்பவர் பதினைந்து தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரையை உட்கொள்கிறார். சேர்க்கப்படும் சர்க்கரை, ஒருநாள் உணவு ஆற்றலில் பத்து விழுக்காட்டிற்கும் குறைவாக இருத்தல் வேண்டும். ஐந்து விழுக்காட்டிற்குள் அடங்குமாயின் மேலும் நன்று என உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஐந்து விழுக்காடு என்பது வளர்ந்தவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம். ஒற்றைப் புட்டி அவ்வளவை இரண்டு மடங்கிற்கும் மேலாகக் கடந்துவிடுகிறது.

அத்தனை சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் நமக்குத் திகட்டும். பானத்திலுள்ள பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பும் கடுங்குளிர்ச்சியும் அத்திகட்டலை மறைக்கின்றன. குளிர் நீங்கிய, வாயு போன கோலாவைச் சுவைத்துப் பார்த்தவர் இதனை அறிவர்.

கரும்புச் சர்க்கரை குடலில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் குருதியில் விரைந்து கலக்க, அதனைக் கட்டுப்படுத்த இன்சுலின் சுரக்கிறது. பிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டியுள்ளது. அளவு மிகும்போது அது கொழுப்பாக மாறுகிறது. மேலும், நீர்வடிவில் உட்கொள்ளும் சர்க்கரை பசியை ஆற்றுவதில்லை. பானம் அருந்தியவர் உணவையும் வழக்கம்போல் உண்கிறார். பற்களும் தப்புவதில்லை. அமில கார அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் அளவோ ஏறத்தாழ 2.5.

இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் எளிதில் கைவிடக்கூடிய ஒன்று இனிப்புப் பானம்.

விடுவது எப்படி?

கோலாவில் காஃபின் உண்டு. நாள்தோறும் மிகுதியாக அருந்தியவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் தலைவலியும் சோர்வும் தோன்றலாம். இதனை நோய் எனக் கருதி மீண்டும் புட்டியை நாடுவோர் பலர். சில நாள்களில் தானே தணியக்கூடிய தொல்லை இது. படிப்படியாகக் குறைப்பது எளிது: பெரிய புட்டியிலிருந்து சிறிய புட்டிக்கு மாறலாம், பாதியளவு வெறும் சோடா கலக்கலாம், நாள்தோறும் என்பதை வாரம் ஒருமுறை ஆக்கலாம். பிரியாணியோடு கோலா, தேர்வுக்கு முந்தைய இரவில் கோலா என வேளையோடு பிணைந்த பழக்கமாயின், அதே வேளைக்கு வேறொரு பானத்தை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். வெற்றிடத்தில் பழைய பழக்கமே திரும்பி வரும். செயற்கை இனிப்பூட்டி சேர்த்த ‘டயட்’ பானம் தீர்வாகுமா? உடல் எடையைக் கட்டுப்படுத்த அத்தகைய இனிப்பூட்டிகளை நாடவேண்டா என்று 2023இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

மாற்றுப் பானங்கள்

மாற்றுப் பானங்களுள் தலையாயது மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு நீர் சேர்த்துக் கடைந்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் இட்டால் நீர்மோர் ஆயத்தம். வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே அது ஈடுசெய்கிறது. பழைய சோற்றில் ஊறிய நீராகாரம் அதற்கு இணையானது. இரவு முழுதும் நொதித்தலில் ஈடுபடும் நுண்ணுயிரிகளே அதற்கு மென்புளிப்பைத் தருகின்றன. கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும் பசியையும் ஆற்றுவன. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சர்க்கரை குறைவு. சிறுநீரகக் குறைபாடு உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். இவை எதுவும் கிட்டாதபோது சீரகம் இட்டுக் கொதித்தாறிய நீர் போதும்.

மரபுப் பானம் என்பதாலேயே ஒன்று சர்க்கரையற்றது ஆகிவிடாது. வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகம் சுவையானது. ஆயினும் வெல்லமும் சர்க்கரையே. பனையிலிருந்து இறக்கும் பதநீர் இயல்பிலேயே இனிப்பு மிகுந்தது. புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவர். நன்னாரி வேரின் மணம் குளிர்ச்சியூட்டுவது. கடைச் சர்பத்தில் வேரைவிடச் சர்க்கரைப் பாகே மிகுதி. வேரை மண்பானை நீரில் ஊறவிட்டு அருந்தினால் மணம் கிட்டும், பாகு இராது. பழத்தைச் சாறாக்கும்போது நார்ப்பொருள் நீங்கிவிடுவதால், சாற்றைவிடப் பழமே சிறந்தது.

அரசும் வணிகரும்

மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது; விற்பனை குறைந்தது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் சர்க்கரையின் அளவிற்கேற்ப வரி விதித்தது. வரி நடைமுறைக்கு வரும் முன்னரே உற்பத்தியாளர் பலர் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டனர். குடிப்பவரைத் திருத்துவதினும் செய்பவரை மாற்றுவது விரைவில் பயன் தரும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டிலும், சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் முதல் நாளிலிருந்து கோக், பெப்சி பானங்களை விற்பதில்லை என வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அவ்வறிவிப்பில் உடல்நலத்தைவிட நிலத்தடி நீரும் உள்ளூர் வணிகமும் பற்றிய கவலையே மேலோங்கியிருந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதிக் கடையில் விற்கும் ஐந்து பானங்களின் புட்டிகளில் அச்சிடப்பட்டுள்ள சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புட்டியிலும் எத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளது எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் வீட்டு முதியோரிடம் அவர்தம் இளமையில் கோடைக்காலத்தில் பருகிய பானங்களைக் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றன் செய்முறையை அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதுக.