பிட்ஸ்பர்க்கின் பெரிய தடுப்பு

கேள்வி: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஆடிய தடுப்பாட்டக்காரர்களில் தலைசிறந்தவர் ஆரன் டொனால்டுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். டொனால்டு பெரிய ஆள்தான். 2013-இல் ஒரே சீசனில் நான்கு தேசிய விருதுகளை அள்ளினார். ஆனால் அவர் புகழில் பெரும்பங்கு பிறகு தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் சேர்ந்தது. அதைக் கல்லூரிக் கணக்கில் எழுதலாமா?

ஹியூ கிரீனைப் பாருங்கள். 1978, 79, 80 என்று மூன்று ஆண்டும் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வு. பந்தை எறியுமுன் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைக் கவிழ்ப்பதற்கு ‘சாக்’ என்று பெயர். அதில் கிரீனின் கணக்கு 53. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் 1980 வாக்கெடுப்பில் இரண்டாமிடம். பந்தை எறிகிறவர்களுக்கும் ஏந்தி ஓடுகிறவர்களுக்குமே பெரும்பாலும் போகிற விருது அது! (முதலிடமும் ஓடுகிறவருக்குத்தான் போனது.) அவருடைய 99-ஆம் எண்ணுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்துவிட்டது.

என் ஓட்டு கிரீனுக்கே.