கொட்டுகிற பெட்டியைக் கொளுத்தலாமா?



கார்த்திகை மாதக் கூட்டத்துக்கு நம் உறுப்பினர் ஒருவர் வீங்கிய முகத்தோடு வந்தார். குழுக் கடனில் அவர் வாங்கிய ஐந்து தேனீப் பெட்டிகளில் ஒன்று, பக்கத்தில் போனாலே துரத்தித் துரத்திக் கொட்டுகிறதாம். “பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொட்டிடுச்சு. பெட்டிய எடுன்னு சண்டைக்கு வர்றாங்க. கொளுத்திடலாம்னு இருக்கேன்க்கா” என்று அழுதார். கடனில் பாதி இன்னும் பாக்கி. ரப்பர் மரம் தளிர்த்துத் தேன் கிடைக்கும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கொளுத்த வேண்டாம் என்று நாம் முடிவு செய்தோம். அப்போது கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் காரணம் பாருங்க

நல்ல பெட்டியும் சில நேரம் கோபப்படும். மழைக்காலத்தில் தீனி இல்லாதது, எறும்பு, குளவித் தொல்லை, வேறு கூட்டத்துத் தேனீ வந்து தேன் திருடுவது, ராணி இறந்துபோனது இவையெல்லாம் காரணம். உச்சிவெயிலில் திறந்தாலும், வியர்வை நாற்றத்தோடு போனாலும் கொட்டும். இவற்றைச் சரிசெய்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். தீனி இருந்தும், ராணி இருந்தும், எந்த நாளும் கொட்டினால் அது பிறவிக் குணம்.

குணம் எங்கிருந்து வருது?

பெட்டியில் இருக்கும் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களுக்கும் தாய் ஒரே ராணிதான். தாயின் குணமும், அவள் சேர்ந்த ஆண் தேனீக்களின் குணமும் பிள்ளைகளுக்கு வருகிறது. ஆகவே ராணியை மாற்றினால் குணம் மாறும்.

மாற்றுவது எப்படி?

1. ஆண் தேனீக்கள் நடமாடும் காலமாகப் பாருங்கள். புது ராணி பறந்து போய் அவற்றோடு சேர்ந்தால்தான் முட்டையிடும்.

2. சாந்தமான, நன்றாகத் தேன் தரும் பெட்டியில் அடையின் கீழ் ஓரம் ராணி அறை தொங்குகிறதா என்று பாருங்கள். மூடிய, நுனி பழுப்பான அறை முதிர்ந்தது. அது கையில் இருந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.

3. மாலை நேரம் முகவலை போட்டு, புகை காட்டி, கோபக்காரப் பெட்டியின் ராணியைத் தேடி எடுத்து விடுங்கள்.

4. மறுநாள் சாந்தமான பெட்டியின் ராணி அறையைச் சுற்றி ஓர் அங்குல அடையோடு வெட்டி எடுத்து, குலுக்காமல், தலைகீழாகத் திருப்பாமல், நடு அடையில் பொருத்துங்கள்.

5. கோபக்காரப் பெட்டி தானாக ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் கிள்ளிவிடுங்கள். விட்டால் பழைய ராணியின் மகளே மறுபடி ராணி ஆவாள். நம் பாடு வீண்.

அதன்பின் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீ தொந்தரவு கூடினால் பெட்டியை விட்டே ஓடிப்போகும். இரண்டு வாரம் கழித்துப் புது முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாமதிக்காமல் வேறு ராணி கொடுங்கள். ராணி இல்லாமல் கிடந்தால் வேலைக்காரத் தேனீயே முட்டையிடத் தொடங்கும். அதிலிருந்து ஆண் தேனீதான் வரும், கூட்டம் அழியும்.

பொறுமை வேணும்

“ராணிய மாத்தியும் கொட்டுதே” என்று பத்தாம் நாள் அந்த உறுப்பினர் கேட்டார். கொட்டத்தான் செய்யும். இருப்பவை பழைய ராணியின் பிள்ளைகள். அவை இறந்து, புது ராணியின் பிள்ளைகள் பெட்டி நிறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பெட்டியை வீடும் பாதையும் இல்லாத ஓரத்துக்கு இரவில் மாற்றி வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் விவரத்தைச் சொல்லுங்கள். நம்மவர் அப்படித்தான் செய்தார்.

கொட்டிவிட்டால்

கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு விலகிப் போங்கள். கொடுக்கின் வாசனைக்கு மற்ற தேனீக்களும் வரும். மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாசி மாதம் அதே பெட்டியை அந்த உறுப்பினர் நம் முன்னால் திறந்தார். ஒன்றிரண்டு தேனீ மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. மகள் ராணி உள்ளூர் ஆண் தேனீக்களோடு சேர்வதால் எல்லாப் பெட்டியும் இப்படி அடங்கும் என்று சொல்ல முடியாது. அடங்காவிட்டால் இன்னொரு முறை மாற்றிப் பார்க்கலாம். கொளுத்தினால் மிஞ்சுவது கடன் மட்டும்தான்.

குழுவில் பேசுங்கள்: நம் பெட்டிகளில் எது சாந்தமானது? எந்தப் பெட்டியிலிருந்து ராணி அறை எடுக்கலாம்?