யுபிக்விடின் படிக்க வந்த தம்பிக்கு



புரோஸ்டேட் புற்றுநோயில் யுபிக்விடின் லைகேஸ்களைப் பற்றி ஆராயப் போவதாக எழுதியிருந்தாய். திட்ட வரைவையும் படித்தேன். ‘யுபிக்விடின் ஒட்டினால் ஏற்பி அழியும், ஏற்பி அழிந்தால் கட்டி சுருங்கும்’ என்று முதல் பக்கத்திலேயே அடித்துச் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதே நினைப்போடு இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புரோஸ்டேட் புற்றுநோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் நோபல் வாங்கினார். ஆனால் முற்றிய நோய் அடங்கினாலும் பெரும்பாலும் திரும்பி வரும். ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போன பிறகும், அதைப் பிடிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலையை விடுவதில்லை. மரபணுப் பிரதிகள் பெருகியோ, உருமாறியோ, வால் அறுந்தோ எப்படியாவது ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பியையே ஒழித்துவிட்டால் என்ன என்ற ஆசையில்தான் பலரும் யுபிக்விடின் பக்கம் வந்தார்கள்.

யுபிக்விடின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அதை எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று தீர்மானிப்பவை இ3 லைகேஸ்கள். நம் உடலில் அவை 600-க்கும் மேல். இடிக்க வருகிற நகராட்சிக்காரரும் வீட்டுச் சுவரில் குறி போடுவார், கணக்கெடுக்க வருகிறவரும் போடுவார். குறியைக் கண்டதுமே வீடு போச்சு என்று சொல்லிவிட முடியுமா? யுபிக்விடினும் அப்படித்தான். அதன் 48-ஆம் லைசினில் கோத்துக் கோத்துச் சங்கிலி வளர்ந்தால் அந்தப் புரதம் பெரும்பாலும் புரோட்டியசோமில் அரைபடும். வேறு லைசினில் கோத்தால் கதையே மாறக்கூடும்.

ஆர்என்எஃப்6 என்ற லைகேஸை எடுத்துக்கொள். அது ஏற்பியில் கோப்பது 6, 27 ஆகிய லைசின்கள் வழியான சங்கிலிகளை என்று 2009-இல் காட்டினார்கள். ஏற்பி அழியவில்லை; துணைப் புரதங்களைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட மும்முரமாக மரபணுக்களை இயக்கியது. சயா2 என்ற லைகேஸ் இதைவிடக் கில்லாடி. அது ஏற்பியை அழிக்கத்தான் செய்கிறது. ஆனால் என்கோர்1 என்ற அடக்கும் புரதத்தோடு டிஎன்ஏ மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஏற்பியைப் பார்த்து அழிக்கிறது. இடம் காலியானதும் வேலை செய்கிற ஏற்பி வந்து உட்காரும், கட்டி வளரும். 2013-இல் வந்த இந்த முடிவுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. உன் முதல் பக்கத்து வரி இதற்கு முன்னால் நிற்காது.

நீ நினைப்பதுபோல் நடப்பதும் உண்டு. எஸ்பிஓபி என்ற புரதம் ஏற்பியின் நடுவே உள்ள கீல் பகுதியைப் பிடித்து லைகேஸிடம் ஒப்படைக்கும், ஏற்பி அழியும். புரோஸ்டேட் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் எஸ்பிஓபி மரபணு பழுதாகியிருக்கிறது; பழுது விழுவதும் பெரும்பாலும் பிடிக்கிற அந்தக் குழிவில்தான். வால் அறுந்த வி7 வடிவத்துக்கு அந்தக் கீலே கிடையாது, ஆகவே எஸ்பிஓபி நன்றாக இருந்தாலும் அது தப்பிவிடும்.

இனி வேலை மேசைக்கு வருவோம். செல்லை உடைக்கும் பஃபரில் என்-எத்தில்மேலிமைடு போடாவிட்டால், யுபிக்விடினைக் கழற்றும் நொதிகள் நீ ஜெல் ஓட்டுவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிடும். அன்றன்று கரைத்துப் போடு, தண்ணீரில் அது நிலைக்காது. அதே பஃபரில் டிடிடி சேர்க்காதே, இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். லைசேட்டை 1% எஸ்டிஎஸ்ஸில் கொதிக்கவைத்து, பத்து மடங்கு நீர்த்து, பிறகு ஏற்பியை இழுத்தெடு. அப்படிச் செய்யாமல் 110 கிலோடால்டனுக்கு மேலே கரிக்கோடு போல் எழும் பட்டையைக் காட்டினால், யுபிக்விடின் ஏற்பியில் இருக்கிறதா, அதோடு ஒட்டி வந்த துணைப் புரதத்தில் இருக்கிறதா என்று வைவாவில் கேட்பார்கள்.

எம்ஜி132 கொடுத்தால் ஏற்பி கூடும் என்று எதிர்பார்ப்பாய். ஆனால் அது புரோட்டியசோமை அடைத்தால் ஏற்பியின் எம்ஆர்என்ஏவும் குறையக்கூடும், ஏற்பி இயக்கும் மரபணுக்களும் தளரும். ஆகவே சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்தி, ஏற்பியின் ஆயுளைத் தனியாக அள. அளவு ஒன்று, ஆயுள் வேறு. எல்என்கேப் செல்லிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடாதே. அதன் ஏற்பியில் 878-ஆம் இடம் மாறியிருப்பதால் புரோஜெஸ்டிரோனுக்கும் கிளம்பிவிடும்.

ஏற்பியை செரிப்ளான் லைகேஸிடம் இழுத்துச் செல்லும் பாவ்டெகலுட்டமைடு 2019-இலேயே நோயாளிகளிடம் சோதனைக்கு வந்துவிட்டது. நீயும் அதை, முழு ஏற்பியோடு வி7-உம் உள்ள 22ஆர்வி1 செல்லில் போட்டுப் பார்க்கப் போகிறாய். அந்த மருந்து பிடிப்பது ஹார்மோன் உட்காரும் பகுதியை; வி7-இல் அந்தப் பகுதியே இல்லை. சி-முனை ஆன்டிபாடி வைத்துப் பார்த்தால் முழு ஏற்பி மறைவது மட்டும் தெரியும். கீழே அசையாமல் இருக்கும் வி7 கண்ணிலேயே படாது. என்-முனை ஆன்டிபாடி ஒன்று வாங்கித் தரச் சொல்லி இந்த வாரமே கைடிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்