யாரோடு ஒப்பிட்டார்கள்? சுகாதார ஆய்வைக் கற்க இலவச வழிகள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளை உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். சென்ற வருடம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. கறுவாப்பட்டை ஊறிய தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்து வந்தால் சீனி முற்றாகக் குணமாகும், பிறகு குளிசையே தேவைப்படாது என்று அதில் இருந்தது. கீழே குணமடைந்த ஒருவரின் கதையும் இருந்தது. நான் அதை நிறுத்தி, தெளிவாக வாசித்துக் காட்டினேன்.

மூன்று வாரங்களின் பின் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோதுதான் உம்மும்மா குளிசையை விட்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. வெறும் வயிற்றுச் சீனி 268. வைத்தியர் ஏசவில்லை. "இதை யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். உம்மும்மா என் முகத்தைப் பார்த்தார்.

நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் பணிக்கிறது. அதை நான் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேன். ஆனால் ஒரு மருத்துவச் செய்தியை எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத் தேடியபோது, காசில்லாமல் திறந்து கிடக்கும் பல கதவுகளைக் கண்டேன். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது கதவு: ஜேம்ஸ் லிண்ட் நூலகம்

சிகிச்சைகளைச் சோதிக்க மனிதர் எப்படிக் கற்றுக்கொண்டனர் என்ற வரலாற்றைச் சொல்லும் இணையத்தளம் இது. ஜேம்ஸ் லிண்ட் ஒரு கப்பல் வைத்தியர். 1747 இல் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு சோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு சிகிச்சை கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட சோடியே விரைவாகத் தேறியது.

அதே தளத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெயரும் இருந்தது. அபூபக்ர் அர்-ராஸி. இற்றைக்கு ஏறத்தாழ 1,100 வருடங்களுக்கு முன், மூளைச் சவ்வு அழற்சி நோயாளரில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் குத்தி எடுத்து, இன்னொரு பகுதியினருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். முடிவொன்றை அறிவதற்காகவே அப்படிச் செய்தாராம். இரத்தம் எடுப்பது நல்லது என்று அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவரைப் பெறாதவரோடு ஒப்பிட வேண்டும் என்ற அவரது எண்ணம் இன்றும் நிலைத்திருக்கிறது.

அங்கேதான் என் முதற் கேள்வியைக் கற்றேன்: யாரோடு ஒப்பிட்டார்கள்? வட்ஸ்அப் செய்தியில் குணமடைந்தவர் ஒருவர் இருந்தார். கறுவாத் தண்ணீர் குடிக்காத ஒருவர்கூட அதில் இல்லை. குடித்தும் குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்றும் அதில் இல்லை.

ஒப்பீடு மட்டும் போதாது, அது நீதியாகவும் இருக்க வேண்டும். உடல் தேறியவர்களை ஒரு பக்கமும் மெலிந்தவர்களை மறுபக்கமும் வைத்தால் முடிவு பிழைத்துவிடும். ஆகவே யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை எழுமாற்றாகத் தீர்மானிக்கின்றனர். கணிதப் பாடத்தில் படித்த அதே எழுமாற்றுத்தான். காசநோய்க்கு ஸ்ரெப்டோமைசின் மருந்தைப் பரீட்சித்து, 1948 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆய்வு இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

இரண்டாவது கதவு: உகண்டாவின் பாடநூல்

சுகாதாரச் செய்திகளை எடைபோடச் சிறுவர்களுக்கும் கற்பிக்கலாமா என்பதை உகண்டாவில் சோதித்துப் பார்த்தனர். 120 ஆரம்பப் பாடசாலைகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு தவணை பாடம் நடத்தினர். 10,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்குபற்றினர். 2017 இல் வெளியான முடிவின்படி, பாடம் படித்தவர்களில் 69 சதவீதத்தினர் பரீட்சையில் சித்தியடைந்தனர். படிக்காதவர்களில் 27 சதவீதத்தினரே சித்தியடைந்தனர். பெற்றோருக்கென ஒலிவடிவப் பாடங்களும் தயாரிக்கப்பட்டன. சித்திரக்கதையாக அமைந்த அந்தப் பாடநூலை 'இன்போர்ம்ட் ஹெல்த் சொய்சஸ்' என்ற தளத்தில் இலவசமாகப் பெறலாம். எளிய ஆங்கிலம். ஆறாம் வகுப்புத் தங்கையும் நானும் சேர்ந்தே வாசித்தோம்.

மூன்றாவது கதவு: கொக்ரேன்

ஒரே கேள்விக்குப் பல ஆய்வுகள் இருக்கும். ஒன்று ஆம் என்னும், மற்றது இல்லை என்னும். எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, தரம் பார்த்து, ஒரு முடிவுக்கு வருவதை முறையான மீளாய்வு என்பர். 1993 இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு இதைச் செய்கிறது. ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய வைத்தியரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

இதன் சின்னத்திற்குள் ஒரு துயரக் கதை இருக்கிறது. குறைமாதத்தில் பிரசவம் நேரப் போகும் தாய்க்கு மலிவான ஒரு ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்று முதலாவது ஆய்வு 1972 இலேயே காட்டியது. பின்னரும் பல ஆய்வுகள் வந்தன. ஆனால் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்த மீளாய்வு 1989 வரை வெளிவரவில்லை. அதனால் அந்த மருந்தின் பயனைப் பல வைத்தியர்கள் உணரவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகள் இறந்தன. அந்த ஆய்வுகளின் முடிவுகளே சின்னத்தில் சிறு கோடுகளாக இருக்கின்றன.

கொக்ரேன் தளத்தில் ஒவ்வொரு மீளாய்வுக்கும் எளிய மொழிச் சுருக்கம் உண்டு. பல சுருக்கங்கள் தமிழிலும் இருப்பதால் உம்மாவும் வாப்பாவும் வாசிக்கலாம். நான் தேடியது கறுவாவை. 2012 இல் வெளியான மீளாய்வு ஒன்று கிடைத்தது. 10 ஆய்வுகள், மொத்தம் 577 பேர். நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

இன்னும் கவனித்து வாசித்தபோது மூன்று விடயங்கள் கண்ணில் பட்டன. ஆய்வுகள் 4 முதல் 16 வாரங்களே நடந்தவை. பெரும்பாலானவற்றில் பயன்படுத்தப்பட்டது கசியா எனப்படும் வேறு இனம், நம் நாட்டுக் கறுவா அன்று. நோயின் சிக்கல்கள் குறைந்தனவா, ஆயுள் கூடியதா என்பதை ஓர் ஆய்வும் பார்க்கவில்லை. கறுவா கெட்டது என்று மீளாய்வு சொல்லவில்லை. குளிசைக்குப் பதிலாக அதை நம்ப ஆதாரமில்லை என்பதுதான் நான் விளங்கிக்கொண்டது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாலைப்பொழுது எடுத்தது.

நான்காவது கதவு: மூல ஆய்வுகள்

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் விபரங்களைத் தேடலாம். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடியபின், இலவசமாக முழுதும் வாசிக்கக்கூடியவற்றை மட்டும் காட்டும்படி தெரிவு செய்யலாம். எழுமாற்று ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுக்கவும் வழி உண்டு.

நம் நாட்டு ஆய்வுகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்ற தளம் இருக்கிறது. 1887 இல் ஆரம்பித்த சிலோன் மெடிக்கல் ஜேர்னலின் கட்டுரைகளையும் அங்கே வாசிக்கலாம். டெங்கு, பாம்புக்கடி, சிறுநீரக நோய் என்று நம் ஊர்களின் பிரச்சினைகளை நம் நாட்டு வைத்தியர்களே ஆராய்ந்திருப்பதைப் பார்க்கும்போது, நாமும் ஒருநாள் எழுதலாம் என்ற ஆசை வருகிறது.

ஐந்தாவது கதவு: சான்றிதழோடு பாடநெறி

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட 'த குளோபல் ஹெல்த் நெட்வேர்க்' இலவசச் சிறு பாடநெறிகளை நடத்துகிறது. ஆய்வு வினாவை அமைப்பது, பங்குபற்றுவோரின் சம்மதத்தைப் பெறுவது, ஆய்வு நெறிமுறைகள் என்று பல தலைப்புகள். இறுதி வினாக்களில் சித்தியடைந்தால் சான்றிதழும் கிடைக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. வைத்தியராக மட்டுமன்றி, தாதியாக, மருந்தாளராக, புள்ளிவிபரவியலாளராக வர விரும்புவோருக்கும் இது உதவும்.

தொடங்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் ஒரு வழி சொல்கிறேன். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டுக்கு வரும் சுகாதாரச் செய்தி ஒன்றை எழுதுங்கள். அதன் கீழே நான்கு கேள்விகள்: யார் சொன்னது? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரில் பார்த்தார்கள்? எத்தனை காலம் பார்த்தார்கள்? முதலில் கொக்ரேனில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் பப்மெட்டுக்குச் செல்லுங்கள். விடையை இரண்டு வரியில் தமிழில் எழுதுங்கள். கிழமைக்கு ஒன்று போதும். பெற்றோரும் கூட அமர்ந்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்து கதவுகளையும் திறந்தாலும் நாம் வைத்தியராகிவிட மாட்டோம். நாம் தேடிக் கண்டதை வைத்தியரிடம் கேள்வியாகக் கொண்டுபோக வேண்டும். அவரைக் கேட்காமல் ஒரு குளிசையைக்கூட நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

அல்ஹம்துலில்லாஹ், உம்மும்மாவின் சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்திகளை வாசித்துக் காட்டுவது இன்றும் நான்தான். போன கிழமை வெந்தயத்தைப் பற்றி ஒன்று வந்தது. வாசித்து முடித்தேன். உம்மும்மா குளிசைப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார்:

"அத குடிக்காத ஆக்களையும் பாத்தாங்களாமா, புள்ள?"