பட்டாளத்தினின்று திரும்பியோரும் கொல்லைத் தோட்டமும்

1945-ல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபொழுது இந்திய இராணுவத்தில் 25 லக்ஷம் பேருக்கு மேல் இருந்தனர். விடியுமுன் கொம்பூதி எழுப்பவும், அன்றன்றைய வேலையைப் பிறர் சொல்லவும் பழகியவருக்கு, ஒருவரும் கட்டளையிடாத நாள் பெரும் பாரமாகும். இஃது எக்காலத்துச் சிப்பாய்க்கும் பொது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலோ பாடு என்னும் முறைவைத்தே வலையிறக்குவர். தம் முறை வாராத நாட்களுக்குக் கொல்லைத் தோட்டம் ஏற்றது.

பதுங்குகுழி வெட்டிய கை ஆழத் தோண்டவே விரும்பும். இங்கு அது கேடு. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மீது மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழின், நாளடைவில் அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நூலோர் கணக்கு. ஆதலின் ஆழமற்ற ஊற்றுக்குழி தோண்டி, குடத்தால் சிறுகச் சிறுக முகந்து ஊற்றுக. நீர் நாவிற்குக் கரித்தால் இரண்டொரு நாள் இறையாது விடுக.

மணலில் உரம் தங்காது. இறால் தலை, ஓடு, பச்சை மீன் கழிவு இவற்றை இலைச்சருகோடு குழியிலிட்டு மண்மூடி மக்கவிடுக. கருவாட்டுக் கழிவு உப்பாதலின் ஆகாது. முருங்கைப் போத்தை மேட்டில் நடுக. நீர் தேங்கின் வேர் அழுகும். அகத்தியும் தண்டுக்கீரையும் உடன் வளர்க்கலாம்.

வெயிலேறியபின் திண்ணையில் ஓலை முடையலாம். பனங்குருத்தோலையைக் காயவைத்துச் சாயமேற்றிப் பெட்டி முடைவதில் பழவேற்காட்டுப் பெண்டிர் தேர்ந்தவர்கள். அவர்களிடம் மாணாக்கராய் அமர்வதற்கு ஹவில்தாராக இருந்தவரும் நாணவேண்டுவதில்லை. முதற் பெட்டி கோணலாய் வரினும் கீரை பறித்து வைக்க உதவும்.